எட்டின் மேல் மூன்று

ஐப்பசி அடைமழை. நீடாமங்கலம் பாசன அலுவலகத்தில்
ஓதம் ஏறிய சுவரோரம் அந்த டெர்மினல்.
சர்க்கரை ஆலை கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தது.
பச்சை எழுத்து.
விசைகளின் இடுக்கில் இன்னும் இனிப்பு, அதைத் தேடி எறும்பு.

முந்தையது புகைந்துபோன இடத்தில்
இதைச் செருகிவிட்டுப் போனார்கள்.
ஆள் மாறிய சேதி யூனிக்ஸ் பெட்டிக்குப் போகவில்லை.
செத்ததோடுதான் அது பேசிக்கொண்டிருந்தது.

ஆகவே
மேலம்பை அழுத்தினால் மேலே போகாது கர்சர்.
காலியாய் ஒரு வரி பிறக்கும்
அதில் 'ஏ' என்று ஓர் எழுத்து வந்து சம்மணமிடும்.
திரைக்கு இருபத்துநாலு வரி.
பெட்டியின் நம்பிக்கையில் இருபத்தைந்து.
தலைவரி எப்போதும் விளிம்புக்கு வெளியே
முங்கிக் கிடக்கும்.

முழுத்திரை எடிட்டரைக் கைவிட்டேன்.
வரிவரியாய்ப் பேசுகிற பழைய எடிட்டருக்கு இறங்கினேன்,
பாலம் முழுகினால் பஸ்ஸை விட்டுப்
பரிசலுக்கு இறங்குவது மாதிரி.
அதில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

ஓடத்துறை மதகுக்கு உத்தரவு.
'திறக்க வேண்டிய கண்கள்' வரை அடித்துக்
கை தவறி எட்டு.
பின்விசை. கர்சர் ஓரெழுத்து பின்வாங்கியது.
மூன்று அடித்தேன். திரையில் மூன்று.
அச்சுத்தாளை ஜீப் வாங்கிக்கொண்டு போனது.

கூத்தாநல்லூர் கடைசி பஸ் வரவில்லை.
வெண்ணாறு ரோட்டின் மேல் ஏறிவிட்டது என்றார்கள்.
முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தால்
இருட்டில் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.

'மெஹருன்னிசாம்மாவா? லஸ்கர் வைரக்கண்ணு பேசுறேன்.
எட்டு கண்ணு தொறக்கச் சொல்லிருக்கீங்க.
நம்ம மதகுக்கு இருக்குறதே ஆறு.
மீதி ரெண்ட எங்க போயித் தொறக்குறது?'

மூன்று என்றேன்.
'தாள்ல எட்டு. கொஞ்சம் அழுத்தமான எட்டு.'

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஒளிந்ததையும் காட்டச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு.
போட்டேன்.
எட்டு, ஒரு பின்குறி, மூன்று
என்று வந்தது வரி.

நான் அழிக்கவே இல்லை.
பெட்டியைப் பொறுத்தவரை அந்த விசை அழிப்பதில்லை,
அதுவும் ஓர் எழுத்து.
கண்ணாடி எட்டின் மேல் மூன்றை எழுதி
எட்டைத் தொலைத்தது.
அச்சு எந்திரம் சொன்னதைச் செய்தது:
எட்டை அடித்து, பின்னால் நகர்ந்து,
அதே இடத்தில் மூன்றையும் அடித்தது.
எட்டுக்குள் மூன்று அடங்கிவிடும்.
எழுதிப் பாருங்கள்.

சரிசெய்வது மூன்று வரி வேலை.
உன் எதிரில் இருப்பது இன்ன ரகம்.
அதற்கு இத்தனை வரி.
அழிப்பது எது என்ற இடத்தில் மட்டும் பெயர் எழுதக் கூடாது,
அந்த விசையையே அழுத்த வேண்டும்,
அடையாள அணிவகுப்பில்
ஆளைத் தொட்டுக் காட்டுவதுபோல.
தொட்டேன்.
மேலம்பு மேலே போனது.
முங்கியிருந்த தலைவரி எழும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

அந்த வாரத்துக் கோப்புகள் எல்லாவற்றையும்
அதே கட்டளையால் புரட்டினேன்.
பதினோரு இடத்தில் பின்குறி.
பத்து, பெயர்களில். 'சுந்தரம்' என்பதில் ஒரு கறை, அவ்வளவுதான்.
ஒன்று எண்ணில்.
செவ்வாய்க்கிழமை. பெரிய மதகு, கண்ணுக்குப் பஞ்சமில்லாதது.
எட்டின் மேல் ஐந்து.
அங்கிருந்து யாரும் போன் செய்யவில்லை.
கீழே கோட்டகத்தில் நட்டு ஒன்பது நாளான பயிர்.

எழுதி ஏ.இ. மேசையில் வைத்தேன்,
கையால், பேனாவால்,
அடித்துத் திருத்தியதெல்லாம் அடித்தபடியே தெரிய.

வைரக்கண்ணு இப்போதும்
ஒவ்வொரு தாளுக்கும் கூப்பிடுகிறார்.
'நாலுதானே?'
'நாலுதான்.'
விசை சரியாகிவிட்டது என்று
அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.